அடுத்தவர் அடைத்த தோட்டா

ஸ்டான்ஃபோர்ட், மொன்டானா
செப்டம்பர் 8, 1996

அன்புள்ள வெல்டா அண்ணிக்கு,

போன சனிக்கிழமை அத்தனை பேர் பார்க்க என் மூக்கை உடைத்துவிட்டு, ஜெயித்த கோப்பையை வண்டியின் முன்கண்ணாடியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்துக்கொண்டு வயோமிங் கிளம்பினீர்களே, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? சேர்ந்திருப்பீர்கள். இருந்த சந்தோஷத்தில் வண்டி பெட்ரோல் இல்லாமலே ஓடியிருக்கும்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. இருபது வருடமாக 'முதல் குண்டு' போட்டியில் சுடுகிறேன். பழகிப் பார்க்க ஒரு தோட்டாகூடக் கிடையாது. ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் ஒரு வெள்ளை இரும்புத் தகடு, ஆளுக்கு ஒரே குண்டு. அந்தத் தூரத்துக்குள் தன் குண்டு எத்தனை அங்குலம் கீழே இறங்கும் என்று முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் துப்பாக்கியோடு படுக்க வேண்டும். எல்லோரும் எழுதினோம். நீங்களும் எழுதினீர்கள், எங்கள் எல்லோரையும் விட இரண்டடி குறைவாக. "அந்தம்மா தகட்டச் சுட வரலப்பா, அதுக்குக் கீழ வளையில இருக்கிற எலியச் சுட வந்திருக்காங்க" என்று சத்தமாகச் சொன்னது நான்தான். அப்புறம் தகடு டங்கென்றது. என் குண்டு தகட்டைத் தாண்டி மேலே மலையில் போய்ப் புழுதி கிளப்பியது.

அந்த எண் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? தொலைபேசியில் கேட்கலாம்தான். ஆனால் இத்தனை வருட வெடிச் சத்தத்துக்குப் பிறகு நான் கத்துவேன், நீங்கள் கத்துவீர்கள், இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்காது. ஆகவே எழுதுங்கள்.

அண்ணன் இருந்திருந்தால் என்னைப் பார்த்து ஒரு வாரம் சிரித்திருப்பான். அவன் போய் மூன்று வருடம் ஆகியும், சுட்டு முடித்ததும் இடது பக்கம் திரும்பி அவன் முகத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை.

உங்கள் கொழுந்தன்,
ரோல்ஃப்


வோர்லண்ட், வயோமிங்
செப்டம்பர் 21, 1996

அன்புள்ள ரோல்ஃபுக்கு,

எலி ஜோக் காதில் விழுந்தது. அந்த அளவுக்கு எனக்குக் காது போகவில்லை. கோப்பை சமையலறை ஜன்னலில் இருக்கிறது, மரக்கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சின்னதுதான். நீ பலகையில் எழுதிய எண், ஏப்ரலில் உன் கோதுமை வயலில் பனி கிடந்தபோது சுட்டுப் பார்த்து எடுத்தது. குளிர்ந்த காற்று கனமாக இருக்கும், குண்டை இழுத்துப் பிடிக்கும். சனிக்கிழமை அடித்த வெயிலில் காற்று லேசாகிவிட்டது. தோட்டாவுக்குள் இருந்த வெடிமருந்தும் சூடேறி வேகமாக எரிந்தது. வேகமாகப் போகிற குண்டு சீக்கிரம் போய்ச் சேரும், வழியில் விழுவதற்கு அதற்கு நேரம் குறைவு. நான் காலையிலேயே வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்து, வண்டியின் பின்பலகையில் தாளை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டேன். முப்பது வருடம் மாவட்ட நில அளவை அலுவலகத்தில் குப்பை கொட்டியவளுக்கு இது பெரிய வித்தையா?

ஆனால் கணக்கு மட்டும் இருந்து என்ன பயன்? ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் வித்தியாசம் இருந்தால் என் பென்சில் என்ன செய்யும்? அந்த விஷயத்தில் உன் கை யாருக்கும் வராது, இதை நேரில் சொல்ல மாட்டேன், அதனால் எழுதிவிடுகிறேன். வெற்றுக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து நீ உன் கையால் அடைத்த தோட்டாக்களைப் பெட்டியோடு பார்த்திருக்கிறேன். கழுத்து, நீளம், குண்டு உட்கார்ந்திருக்கிற நேர்த்தி, எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. உன் அண்ணன் ஆர்டனே ஒரு நாள் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "இவன் கையில தூசி கூட சொன்ன இடத்துலதான் உக்காரும் வெல்டா" என்றார்.

ஒரு யோசனை. குண்டு இரண்டு பேருக்கும் ஒரே வகை. மருந்து மட்டும் நீ உன்னுடையதைப் போடு, நான் என்னுடையதைப் போடுகிறேன். குளிர்காலம் முழுக்க நூறு கெஜத்தில் ஐந்து, ஆயிரம் கெஜத்தில் ஐந்து சுட்டு, இலக்குத் தாள்களைத் தபாலில் மாற்றிக்கொள்வோம். யாருடைய தோட்டா மேல் என்று வருகிற செப்டம்பருக்குள் தெரிந்துவிடும்.

தாள்களைத்தான் மாற்றிக்கொள்கிறோம், தோட்டாக்களை இல்லை. அதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் நல்ல மனதோடு கொடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டு, துப்பாக்கி வெடித்து, உங்கள் அப்பாவின் கையில் இரண்டு விரல் போனது. அந்தக் கையால்தான் அவர் எங்கள் கல்யாணத்தில் என்னைத் தொட்டு ஆசீர்வதித்தார். "அடுத்தவன் அடைச்சத உன் துப்பாக்கில போடாத, உன்னோடத அடுத்தவனுக்குக் குடுக்காத" என்று அன்றைக்கும் சொன்னார், கல்யாணத்தில் சொல்கிற பேச்சா அது! ஆனால் நானும் ஆர்டனும் அதைக் காப்பாற்றினோம். ஒரே கட்டிலில் தூங்கினோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம், அவசரத்துக்கு ஒரு தடவை அவருடைய பல் பிரஷ்ஷைக்கூட எடுத்திருக்கிறேன். அவர் அடைத்த தோட்டா ஒன்றை நான் சுட்டதில்லை. என்னுடையதை அவரும் சுட்டதில்லை. தோட்டா அடைக்க அவர் மேசை தனி, என் மேசை தனி.

அன்புடன்,
வெல்டா


ஸ்டான்ஃபோர்ட்
நவம்பர் 10, 1996

அன்புள்ள அண்ணிக்கு,

சவாலை ஏற்றுக்கொண்டேன். முதல் தாள்கள் இதோடு வருகின்றன. நூறு கெஜத்தில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டை, பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கெஜத்தில் கொஞ்சம் மேலும் கீழுமாக இருக்கிறது. அன்றைக்கு விரல் விறைக்கிற குளிர், அதனால் இருக்கும்.

உங்கள் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துக் காபி குடிக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். கூடவே நீங்கள் அனுப்பிய இறக்கக் கணக்கையும். முந்நூறு கெஜத்தில் இவ்வளவு, அறுநூறில் இவ்வளவு, ஆயிரத்தில் ஒரு வீட்டு உயரத்துக்கு மேல் என்று எழுதியிருந்தீர்கள். நான் நம்பவில்லை. நூறு நூறு கெஜமாகப் பலகை நட்டு ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரு விரல் அகலத்துக்குள் சரியாக வந்தது. நான் இருபது வருடமாகத் தோட்டாவைச் செலவு பண்ணிக் கண்டுபிடித்ததை நீங்கள் ஒரு பென்சில் முனையில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். தொப்பியைக் கழற்றிவிட்டேன் அண்ணி, வீட்டுக்குள்தான் என்றாலும்.

எல்க் மான் ஒன்று கிடைத்தது. பக்கத்தில் போய்த்தான் சுட்டேன், மான் மேல் கணக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த மாதம் இறைச்சி அனுப்புகிறேன்.

ஒரு எரிச்சலான விஷயம். மேற்கு வயலுக்கு வேலி போட கிளின்ட் என்று ஒரு ஆளை வைத்தேன். கம்பங்களை நட்டு வைத்திருக்கிறான், கிட்டே போய்ப் பார்த்தால் நடுவில் நாலைந்து கம்பம் பாம்பு மாதிரி நெளிகிறது. "உனக்கென்ன கண்ணு தெரியலையா?" என்று கேட்டேன். "நூல் பிடிச்சுத்தான் நட்டேன் சார், நீங்களே வந்து பாருங்க" என்று என்னிடமே சொல்கிறான். பிடுங்கி மறுபடி நடச் சொன்னேன். மறுபடியும் அதே நெளிசல். இந்தக் காலத்தில் ஒருத்தனுக்கும் வேலையில் கவனம் இல்லை.

உங்கள்,
ரோல்ஃப்


வோர்லண்ட்
டிசம்பர் 14, 1996

அன்புள்ள ரோல்ஃபுக்கு,

எல்க் இறைச்சி வந்தது. இதோடு லெஃப்ஸே ரொட்டி அனுப்பியிருக்கிறேன். உன் அம்மா சொல்லிக்கொடுத்த பக்குவம்தான், ஆனால் உருளைக்கிழங்கு இந்த வருடம் தண்ணீர் கோத்துக்கொண்டது, கிழிந்தால் திட்டாதே.

உன் டிசம்பர் தாளையும் என்னுடையதையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் உன் ஐந்து குண்டும் ஒரு சாண் அகலத்துக்குள் இருக்கிறது. அந்த வயலில் எப்போதும் காற்று அலைந்துகொண்டே இருக்கும், எனக்குத் தெரியும். புல் எப்படிச் சாய்கிறது, கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து நீ சுடுவதைப் படுத்துக்கொண்டே மணிக்கணக்காக ரசித்திருக்கிறேன். காற்றுக்கு என்னிடம் சூத்திரம் இருக்கிறது, உன்னிடம் கண் இருக்கிறது. உன் கண்தான் ஜெயிக்கும்.

ஆனால் மேலும் கீழுமாக இருக்கிறதே, அது என்ன? நவம்பரில் ஒரு சாண். இப்போது ஒன்றரை. உன் தாளில் இதை நான் பார்த்ததே இல்லை. மருந்து டப்பாவை மாற்றினாயா?

இந்த வாரம் ஆர்டனின் மேசை இருக்கும் அறைக்குப் போனேன், கிறிஸ்துமஸ் விளக்குகளை எடுக்க. மேசை மேல் போட்ட போர்வையை இன்னும் எடுக்கவில்லை. அவருடைய காபிக் கோப்பை அடியில் மேடாகத் தெரிகிறது. தூசி தட்டலாம் என்று கை நீட்டினேன், அப்புறம் விட்டுவிட்டேன். அது அவர் மேசை.

கிறிஸ்துமஸுக்குத் தனியாக உட்கார்ந்து டப்பா சூப் குடிக்காதே. தேவாலயத்தில் மீன் விருந்து போடுவார்கள், போ.

அன்புடன்,
வெல்டா


ஸ்டான்ஃபோர்ட்
பிப்ரவரி 16, 1997

அன்புள்ள அண்ணிக்கு,

மீன் விருந்துக்குப் போனேன். ரொட்டி கிழியவில்லை.

ஜனவரித் தாளைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய இரண்டு வரி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நியாயம்தான். மேலும் கீழும் இரண்டு சாண்! ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறேன். முதலில் மருந்து, புது டப்பா. சரியாகவில்லை. அடுத்து தோட்டாவின் அடியில் பொறி தட்டுகிற கேப்பு, வேறு பெட்டி. சரியாகவில்லை. பித்தளைக் கூடுகளைப் புதிதாக வாங்கி, கழுத்தைச் சீவி, எடை பார்த்துப் பிரித்தேன். கொஞ்சம்கூடச் சரியாகவில்லை. குளிர்தான் காரணம் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். நூறு கெஜத்தில் இன்னும் ஒரே ஓட்டைதான், ஆகவே துப்பாக்கி மேல் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை.

அப்பாவின் தராசைக்கூடப் பிரித்துத் துடைத்தேன். முள் கோட்டில் வந்து நிற்கிறது, எப்போதும் போல. இடது கண்ணால் கிட்டே குனிந்து பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் அளக்கிறேன். என் சங்கதி உங்களுக்குத் தெரியுமே, தூரத்துக்கு வலது கண், கிட்டத்துக்கு இடது கண், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இந்த செப்டம்பரில் முதல் குண்டு எனக்குத்தான். கரண்டிகளை இப்போதே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கிளின்ட்டை நிறுத்திவிட்டேன். வேலியைப் பார்க்கவே சகிக்கவில்லை.

ரோல்ஃப்


வோர்லண்ட்
மார்ச் 9, 1997

அன்புள்ள ரோல்ஃபுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், கோபப்படுவதானால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

காரணம் குளிர் இல்லை. குளிர் என்றால் ஐந்து குண்டும் சேர்ந்து கீழே போயிருக்கும். உன் குண்டுகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கிடக்கின்றன. நூறு கெஜத்தில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அந்தத் தூரத்துக்குள் வேகமான குண்டும் மந்தமான குண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும். ஆயிரம் கெஜம் போனால்தான் வேக வித்தியாசம் இறக்கத்தில் தெரியவரும். உன் தாளில் உள்ள உயரத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். அந்த உயரத்துக்கு எவ்வளவு வேக வித்தியாசம், அந்த வேகத்துக்கு எவ்வளவு மருந்து வித்தியாசம் என்று. நாலு தடவை போட்டேன். உங்கள் அப்பாவின் தராசு இத்தனை வருடத்தில் அவ்வளவு தவறியதில்லை. தராசு சரி. அதைப் பார்க்கிற கண் சரியில்லை.

உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார். உன் கையெழுத்து அச்சடித்த மாதிரி கோட்டில் நிற்கும். ஜனவரியிலிருந்து கோட்டை விட்டு ஏறுகிறது, இறங்குகிறது. வேலியையும் யோசித்துப் பார். நூல் பிடித்து நட்ட கம்பம் இரண்டு தடவையுமா நெளியும்?

வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் ஜன்னல் சட்டத்தைப் பார். அது நேராகத் தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுது, நான் மன்னிப்புக் கேட்டு, கோப்பையையும் கரண்டிகளோடு சேர்த்து அனுப்பிவைக்கிறேன். நேராகத் தெரியாவிட்டால் நாளைக்கே கண் டாக்டரிடம் போ. அதுவரை நீ அடைத்து வைத்திருக்கிற ஒரு தோட்டாவையும் சுடாதே. மருந்து குறைந்தால் குண்டு கீழே போகும், அவ்வளவுதான். கூடினால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவின் கையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பயமாக இருக்கிறது ரோல்ஃப். அந்த வயலில் நீ தனியாகப் படுத்துச் சுடுகிறாய். ஏதாவது ஆனால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம்கூட வித்தியாசமாகக் கேட்காது.

வெல்டா


ஸ்டான்ஃபோர்ட்
மார்ச் 18, 1997

அண்ணி,

நான் பத்து வயதிலிருந்து தோட்டா அடைக்கிறேன். யாரும் எனக்கு மருந்து அளக்கச் சொல்லித்தர வேண்டிய நிலைமை இல்லை. இருநூறு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒரு தாளைப் பார்த்து என் கண்ணுக்கு வைத்தியம் சொல்வது நில அளவைக் கணக்கு இல்லை.

தாள் அனுப்புவதை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

ரோ. டார்கர்சன்


வோர்லண்ட்
ஏப்ரல் 27, 1997

அன்புள்ள ரோல்ஃபுக்கு,

சரி, தாள் வேண்டாம்.

எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் சட்டம் நேராகத் தெரிகிறது என்று நீ எழுதவில்லை, அதைக் கவனித்தேன். உன்னால் பொய் எழுத முடியாது, அதுவே எனக்கு இப்போது பெரிய ஆறுதல்.

இங்கே பீட்ரூட் விதைப்பு ஆரம்பித்துவிட்டது. மெடோலார்க் குருவிகள் வந்துவிட்டன. நான் யாரோடும் போட்டி போடாமல் சுடுகிறேன், நன்றாகவே இல்லை.

அண்ணி


ஸ்டான்ஃபோர்ட்
ஜூன் 15, 1997

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மார்ச் கடிதத்தைப் படித்த அன்றைக்கே ஜன்னலைப் பார்த்தேன். சட்டம் நடுவில் பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. அதனால்தான் உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன். நேராகத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு மாதம் பட்டறைப் பக்கமே போகவில்லை. ஏப்ரல் கடைசியில் உங்கள் இரண்டாவது கடிதம் வந்தது. அதற்கு மறுநாள் உட்கார்ந்து, குளிர்காலத்தில் அடைத்து வைத்திருந்த தோட்டாக்கள் அத்தனையையும் குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டினேன். எடை பெரிய எண்களில் தெரிகிற மின்தராசு ஒன்று வாங்கி, ஒவ்வொன்றாக எடை போட்டேன். பெரும்பாலானவை கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய, நீங்கள் கணக்குப் போட்ட அளவுக்குத்தான். மூன்றில் மருந்து வாய் வரைக்கும் திணித்துக்கொண்டு இருந்தது. குண்டை அதன் மேல் வைத்து நான்தான் அழுத்தியிருக்கிறேன், அழுத்தும்போது கைக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அந்த மூன்றில் எதையாவது போட்டிருந்தால் அப்பாவுக்குப் போனது இரண்டு விரல் என்றால் எனக்கு முகம் போயிருக்கும். மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன் அண்ணி. அண்ணன் செத்தபோதுகூட இவ்வளவு அழவில்லை.

கிரேட் ஃபால்ஸ் போய் டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண், என் தோட்டாப் பெட்டி மாதிரி ஒழுங்காகப் பேசினாள். இடது கண்ணின் நடுப்பகுதி பழுதாகிவிட்டதாம், திரும்பி வராதாம். "வலது கண்ணும் ஒருநாள் இப்படி ஆகலாம், எப்போன்னு சொல்ல முடியாது. உங்களுக்கு எதுக்கு சார் அது முக்கியமா வேணும்?" என்று கேட்டாள். "செப்டம்பர்ல ஒரு குண்டு சுடணும்" என்றேன். சிரிக்காமல் குறித்துக்கொண்டாள்.

கிளின்ட் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்க வேலிய நான் மூணாவது தடவயும் நட்டிருப்பேன் சார், எனக்கு வேல வேணும்" என்று சொன்னான். அவன் பெண்டாட்டி காபி கொடுத்தாள். வேலி நேராகத்தான் இருக்கிறதாம், ஊரே சொல்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மின்தராசு பொய் சொல்லாது. ஆனால் மருந்தை ஊற்றுவது, கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பது, எதை நிரப்பினேன் எதை நிரப்பவில்லை என்று பார்ப்பது எல்லாம் நான்தானே? தராசை நம்புகிறேன், என்னை நம்பவில்லை. டிரிகரில் விரல் வைத்த பிறகு என்னை நம்புகிறேன், அதற்கு முன்னால் இல்லை.

என் துப்பாக்கியும் அண்ணனுடையதும் ஒரே கொல்லன் ஒரே மாதத்தில், ஒரே கருவியால் குடைந்தவை. அண்ணன் தோட்டா அடைத்த அச்சுகள் உங்கள் வீட்டில் இருக்கின்றன. இதோடு என் துப்பாக்கியில் சுட்ட ஐம்பது வெற்றுக் கூடுகள் வைத்திருக்கிறேன், கழுவித் துடைத்து. என் மருந்தின் அளவைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன், இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நான் என்ன கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். அப்பா காதில் விழாமல் மெல்ல எழுதுகிறேன். முடியாது என்றால் கூடுகளைத் திருப்பி அனுப்புங்கள், வேறொன்றும் எழுத வேண்டாம்.

உங்கள்,
ரோல்ஃப்


வோர்லண்ட்
ஆகஸ்ட் 10, 1997

அன்புள்ள ரோல்ஃபுக்கு,

கூடுகள் வந்து ஒரு வாரம் அந்தப் பெட்டியைச் சமையலறையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். அடைத்துக் கொடுத்து உனக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்? கொடுக்காவிட்டால் நீ போட்டிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாய், அதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஆர்டன் அறைக்குப் போய்ப் போர்வையை எடுத்தேன்.

அவர் விட்டுப்போன மாதிரியே இருந்தது. கோப்பையில் காபிக் கறை காய்ந்திருந்தது. நாற்காலி அவர் உயரத்துக்கு இருந்தது, கீழே ஒரு பலகை போட்டுக் கால் வைத்துக்கொண்டேன். அத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. "என் மேசையில என்னம்மா பண்ற?" என்று பின்னாலிருந்து கேட்பார் என்றே தோன்றியது. "உங்க தம்பிக்குத்தான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் முதல் கூட்டைக் கையில் எடுத்தேன்.

உன் அளவை ஒரு மயிரிழை மாற்றவில்லை. இவ்வளவு எளிமையான ஒரு அளவுக்கு வர எத்தனை குளிர்காலம் சுட்டிருப்பாய்! நான் சூத்திரம் வைத்துக்கொண்டே இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டேன். முதலில் குறைத்துப் போட்டு உன் அண்ணனின் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, மெல்ல மெல்ல உன் அளவுக்கு ஏறினேன். ஆயிரம் கெஜத்தில் ஐந்து குண்டு, மேலும் கீழும் ஒரு கை அகலத்துக்குள். அது உன் தோட்டா ரோல்ஃப். என் கை உனக்காக ஊற்றியது, அவ்வளவுதான். நம் போட்டியில் யாருடைய தோட்டா மேல் என்பதற்கும் அதுதான் பதில். நான் தோற்றேன், சந்தோஷமாகத் தோற்றேன்.

தபாலில் தோட்டா அனுப்பக்கூடாது. எங்கள் ஊரிலிருந்து கால்நடைச் சந்தைக்கு வருகிற லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இறக்கக் கணக்கு அட்டை பெட்டிக்குள் இருக்கிறது, எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். மூன்று வரிசை, குளிரான நாளுக்கு, மிதமான நாளுக்கு, வெயில் நாளுக்கு. அன்றைக்குக் காலையில் வெப்பமானியைப் பார்த்து எந்த வரிசை என்று தேர்ந்தெடு. காற்றுக்கு ஒன்றும் எழுதவில்லை, அதை நீ பார்த்துக்கொள்.

வந்ததும் ஒவ்வொன்றையும் உன் மின்தராசில் வைத்து எடை போடு. ஒன்று மற்றொன்றிலிருந்து விலகி நின்றாலும் அதைப் போடாதே. நான் வருத்தப்பட மாட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் எடை போடாமல் சுடுகிற ஆள் நம் குடும்பத்தில் பிறக்கவில்லை.

இந்த வருடமும் நான் வருகிறேன். உனக்கு இடது பக்கத்து இடத்தில் படுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஸ்டான்ஃபோர்ட்
ஆகஸ்ட் 24, 1997

அன்புள்ள அண்ணிக்கு,

லாரிக்காரர் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனின் பழைய சிவப்புப் பெட்டி, உள்ளே ஐம்பதும் தலை நேராக நிற்கின்றன. விரலால் தடவிப் பார்த்தேன், கண்ணைவிட இப்போது அதுதான் எனக்கு உத்தரவாதம். கழுத்து, நீளம், எல்லாம் ஒரே அச்சு.

இன்று காலை வயலுக்குப் போனேன். துப்பாக்கியில் ஒன்றைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்தே இருந்தேன். அப்பாவின் கை ஞாபகம் வந்தது. அப்புறம் சுட்டேன். மிதமான நாள் வரிசை. ஆயிரம் கெஜத்தில் நான் நட்டு வைத்திருக்கிற தகடு டங்கென்றது, அந்தச் சத்தம் வயலைத் தாண்டி வந்து சேருவதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதற்கு வைத்தியம் தேவையில்லை.

இடது பக்க இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நிர்வாகிக்குச் சொல்லிவிட்டேன். வேலி ஓரமாக வண்டியை நிறுத்தி வீட்டுக்கு வாருங்கள், அது நேராக இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். தராசைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை.

உங்கள்,
ரோல்ஃப்